போட்டோவைப் பாத்து சிநேகிதன்ர முகத்தை ஒயில் பெயின்ற்ல கீறுறது

எங்கட பக்கத்தில ஒயில் பெயின்ற்ல ஒரு முகம் கீறினா அது செத்தவைக்குத்தான் எண்டு ஒரு எண்ணம் ஊறிப்போய்க் கிடக்கு. செத்து 31ம் நாளுக்கு மாலை போட்டு வைக்கவும், செத்தவையின்ர நினைவா அடிக்கிற கல்வெட்டுப் புத்தகத்தில முன்பக்கம் போடவும்தான் ஆக்கள் படம் கீறித்தாங்கோ எண்டு வருவினம், அதால உயிரோட திரியிற சிநேகிதனைக் கீறப்போறன் எண்டு சொன்னா அவன்ர அம்மா முதல்ல ஒரு மாதிரித்தான் பாப்பா. பாத்தாப் பாக்கட்டும், நீங்கள் கீறுங்கோ. உயிரோட இருக்கிறவனைக் கீறுறதில ஒரு பெரிய வசதி இருக்கு, போட்டோ எங்கயெல்லாம் பொய் சொல்லுதோ அங்கயெல்லாம் ஆளைக் கூப்பிட்டு இருத்திவைச்சுப் பாக்கலாம். போட்டோ பொய் சொல்லும், அதுவும் நாலைஞ்சு விதமாச் சொல்லும், அது எங்க எங்க எண்டு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது.

முதல்ல படம் எடுக்கிறது. பேஸ்புக்கில கிடக்கிற செல்பியை எடுத்துக் கீறத் தொடங்காதேங்கோ. கைநீட்டு தூரத்தில எடுக்கிற படத்தில மூக்கு பெருத்து காது ரெண்டும் பின்னால ஓடிப்போகும். 12 அங்குலத்தில எடுத்த செல்பியில மூக்கு 5 அடியில எடுத்ததை விட 30 வீதம் மட்டில அகலமாத் தெரியும் எண்டு 2018ல அமெரிக்காவில டொக்டர்மார் கணக்குப் போட்டே காட்டினவை. அதால 6, 7 அடி தள்ளி நிண்டு, போனை அவன்ர கண் உயரத்துக்குப் பிடிச்சு, கொஞ்சம் சூம் பண்ணி எடுங்கோ. பிளாஷ் போடாதேங்கோ, பிளாஷ் நேர முன்னால அடிக்கேக்க முகத்தில மேடு பள்ளம் ஒண்டும் மிஞ்சாது, பிறகு என்னத்தைக் கீறுறது? பியூட்டி மோட் எண்டு ஒண்டு கிடக்கும், அதைக் கட்டாயம் நிப்பாட்டுங்கோ. கலியாண வீட்டு ஸ்டூடியோப் படமும் வேண்டாம், அதில பொம்பிளை மாப்பிள்ளை மட்டுமில்லை சொந்தக்காரரையும் சேத்து வெள்ளை அடிச்சுத்தான் தருவினம்.

எங்க இருத்துறது எண்டா, விறாந்தைக் கரை நல்லது. மேல கூரை இருக்கோணும், ஒரு பக்கத்தால மட்டும் வெளிச்சம் வரோணும், முகம் அந்த வெளிச்சத்துக்கு முக்கால்வாசி திரும்பி இருக்கோணும், அப்பதான் ஒரு சொக்கு வெளிச்சத்திலயும் மற்றது நிழலிலயும் நிக்கும். வேப்பமரத்துக்குக் கீழ இருத்தாதேங்கோ, இருக்கிறதுக்குக் குளிர்ச்சிதான், ஆனா இலைக்குள்ளால விழுற வெய்யில் முகத்தில பொட்டுப் பொட்டா நிக்கும், அதைக் கீறி முடிச்சா ஆளுக்குத் தேமல் வந்தது போல கிடக்கும்.

வெளிநாட்டுப் புத்தகங்கள்ல எல்லாம் வடக்குப் பக்க யன்னல்தான் ஓவியருக்கு நல்லம், அதுக்குள்ளால நேர வெய்யில் வராது எண்டு எழுதிக்கிடக்கும், அது ஐரோப்பாவுக்குச் சரி. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் நாங்கள் 9 பாகை வடக்கிலதான் இருக்கிறம். சித்திரை வருசப்பிறப்பு மட்டில சூரியன் நேர உச்சிக்கு வந்து, பிறகு ஓகஸ்ட் கடைசி மட்டும் மத்தியானத்தில எங்களுக்கு வடக்குப் பக்கமாத்தான் நிக்கும். அந்த மாசங்கள்ல வடக்கு யன்னலுக்குள்ளால வெய்யில் உள்ள வந்து விழும், தெற்கு யன்னல்தான் ஆறுதலா இருக்கும். மற்ற மாசங்கள்ல வடக்கு சரி. உங்கட வீட்டில எந்தப் பக்கம் எண்டு புத்தகத்தைப் பாக்காம நிலத்தில விழுற வெய்யிலைப் பாத்து முடிவெடுங்கோ.

ஒரே இருப்பில ரெண்டு மூண்டு படம் எடுக்கோணும், இது முக்கியம். ஒண்டு சாதாரணமா எடுங்கோ, அடுத்தது போன் ஸ்கிரீன்ல அவன்ர நிழல் பக்கத்துச் சொக்கைத் தொட்டு எடுங்கோ, அப்ப போன் வெளிச்சத்தைக் கூட்டி நிழலுக்குள்ள என்ன கிடக்கெண்டு காட்டும். பிறகு நெத்தியில மினுங்கிற இடத்தைத் தொட்டு ஒண்டு. ஒரு படத்தை மட்டும் நம்பினா நிழல் முழுக்க வெறும் கறுப்பா இருக்கும், நீங்களும் கறுப்பை எடுத்து அப்பிவிடுவியள், முகத்தில ஓட்டை விழுந்தமாதிரி வந்திடும். கமராவை விட எங்கட கண் நிழலுக்குள்ள கனக்கப் பாக்கும்.

சிரிச்ச படமோ சிரிக்காத படமோ எண்டு கேட்டா, பல்லுத் தெரியிற சிரிப்பு முதல் படத்துக்கு வேண்டாம், கஷ்டம். ஆனா ஐடென்டிகாட்டுக்கு நிக்கிறமாதிரி விறைச்சுக்கொண்டு நிக்கிறதும் வேண்டாம். கதைச்சுக் கொண்டிருக்கேக்க எடுங்கோ, நெல்லு விலையைப் பற்றிக் கேட்டா எந்தக் கமக்காரனுக்கும் முகத்தில உயிர் வந்திடும்.

இனிச் சாமான். ஊர்க்கடையில பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கான பேஸ்ரலும் வாட்டர் கலரும்தான் கிடைக்கும், ஒயில் ரியூப் வேணுமெண்டா யாழ்ப்பாணத்தால இல்லாட்டி கொழும்பால வாற ஆரிட்டையும் சொல்லி எடுப்பியுங்கோ. ஹாட்வெயார்ல விக்கிற கேற்றுக்கு அடிக்கிற எனாமலை வைச்சு முகம் கீற வெளிக்கிடாதேங்கோ, அது வேற சாமான், கலந்து மெதுவா இழுத்து வேலை செய்ய விடாது. இருபத்திநாலு கலர்ப் பெட்டியும் தேவையில்லை. சுவீடன் ஓவியர் அண்டர்ஸ் சோர்ண் (1860–1920) முகங்களை வெள்ளை, யெலோ ஓக்கர், ஒரு சிவப்பு, ஐவரி பிளாக் எண்டு நாலே நாலோட கீறினதுக்குப் பேர் போனவர். எங்கட நிறத்துக்கு நான் சொல்லுறது ஏழு: ரைட்டேனியம் வைற், யெலோ ஓக்கர், பேர்ன்ற் சியன்னா, பேர்ன்ற் அம்பர், றோ அம்பர், அலிசரின் கிரிம்சன், அல்ட்ராமரின் புளூ. கறுப்பு வேண்டாம், பேர்ன்ற் அம்பரும் அல்ட்ராமரினும் சேந்தா கறுப்பை விட நல்ல கறுப்பு வரும்.

பிரஷ், பண்டி மயிர்ல செய்த தட்டைப் பிரஷ் 4, 6, 10 எண்டு மூண்டும் கண்ணுக்கும் சொண்டுக்கும் மெல்லிசான உருண்டைப் பிரஷ் ஒண்டும் காணும். கலக்கிறதுக்கு ஒரு கண்ணாடித் துண்டு, அதுக்குக் கீழ மண்ணிறக் கடதாசி ஒண்டை வையுங்கோ, வெள்ளைக்கு மேல கலந்தா எல்லா நிறமும் இருட்டாத் தெரிஞ்சு ஏமாத்தும். கன்வஸ் விலை கூட எண்டா ஹாட்போட் எடுங்கோ, 12க்கு 16 அங்குலம் வெட்டி, மினுமினுப்பான பக்கத்தை அரத்தாள் போட்டு உரஞ்சி, ஜெசோ எண்ட வெள்ளை அடிப்பூச்சை ரெண்டு மூண்டு கோட் மெல்லிசா அடிச்சு ஒவ்வொண்டும் காஞ்சாப் பிறகு திரும்ப உரஞ்சுங்கோ. பழகிறதுக்கெண்டா சுவருக்கு அடிக்கிற வெள்ளை எமல்சனும் காணும், நெடுநாள் வைக்கிற படத்துக்கு ஜெசோதான். ரேப்பன்ரைனும் படத்துக்கெண்டு விக்கிற லின்சீட் ஒயிலும் வேணும். மண்ணெண்ணை பிரஷ் கழுவுறதுக்கு மட்டும், பெயின்ற்ல கலக்காதேங்கோ. கழுவினாப் பிறகு சன்லைட் சவுக்காரம் போட்டு உள்ளங்கையில உரஞ்சினா பிரஷ் கனகாலம் நிக்கும்.

படத்தைப் பெருப்பிக்கிறதுக்கு எங்கட ஊரில எல்லாருக்கும் தெரிஞ்ச வழிதான், கட்டம் போடுறது. போட்டோவை 6க்கு 8 அங்குலத்தில பிறிண்ட் எடுத்து 1 அங்குலக் கட்டம் போடுங்கோ, போட்டில 2 அங்குலக் கட்டம் போடுங்கோ, கணக்குச் சரியா வரும். தலை உண்மையான அளவை விடக் கொஞ்சம் சின்னனா இருக்கட்டும், உச்சியில இருந்து நாடி மட்டும் 7, 8 அங்குலம் வடிவு. உயிரளவை விடப் பெரிசாக் கீறின முகம் சாப்பாட்டுக்கு இருக்கேக்க சுவரில நிண்டு முறைச்சுக்கொண்டு நிக்கும். கட்டத்தில வெளிக்கோட்டை மட்டும் எடுங்கோ, தலையின்ர விளிம்பு, கண்குழி, மூக்கின்ர அடி, சொண்டு சேருற கோடு, நிழல் தொடங்கிற எல்லை. அந்தக் கடைசிதான் ஆக்கள் விட்டிடுறது. நிழல் எல்லையையும் ஒரு கோடாக் கீறுங்கோ, ஒரு நாட்டின்ர மப்பைக் கீறுறமாதிரி. கண் புருவமெல்லாம் மயிர் மயிராக் கீறிக்கொண்டு இருக்கத் தேவையில்லை, எல்லாம் பெயின்ற்ல மறைஞ்சு போகும்.

கட்டம் போட்டாலும் ஒருக்கா செக் பண்ணுங்கோ. தலைமயிரோட சேத்து உச்சியில இருந்து நாடி மட்டும் அளந்தா கண் நடுவில வரோணும், புதுசாக் கீறுற ஆக்கள் கண்ணை மேல ஏத்தி வைச்சு நெத்தியைத் திண்டுவிடுவினம். பிறகு போட்டோவையும் போட்டையும் தலைகீழாப் பிடிச்சுப் பாருங்கோ, இல்லாட்டி ஒரு கண்ணாடிக்குள்ளால பாருங்கோ, கோணல் எங்க எண்டு பளிச்செண்டு தெரியும்.

முதல் கோட் நிறத்தில வேண்டாம். றோ அம்பரை ரேப்பன்ரைன்ல கரைச்சு போட் முழுக்கப் பூசி, சீலைத்துண்டால துடைச்சு ஒரு மெல்லிய மண்ணிறம் விட்டிட்டு, வெளிச்சம் விழுற இடங்களைத் துணியால இன்னும் துடைச்சு எடுங்கோ, நிழல் இடத்தில அம்பரைக் கொஞ்சம் கூட்டுங்கோ. வெள்ளையே இல்லாம ஒரு முகம் வந்திடும். போட்டோவை போன்ல கறுப்பு வெள்ளையாக்கிப் பக்கத்தில வைச்சு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு ரெண்டையும் பாருங்கோ. பாதி மூடினாச் சின்ன விசயமெல்லாம் போய் பெரிய நிழலும் வெளிச்சமும் மட்டும் நிக்கும். இந்த இடத்திலயே ஆள் ஆரெண்டு தெரியோணும். ரோட்டில 50 யார் தள்ளிச் சைக்கிள்ல வாற சிநேகிதனை நீங்கள் கண்ணிமையைப் பாத்தே அடையாளம் பிடிக்கிறியள்? இல்லைத்தானே, தலையின்ர உருவமும் நிழல் விழுற விதமும்தான். அந்தப் பெரிய உருவம் பிழையெண்டா மேல எவ்வளவு வடிவாக் கண் கீறினாலும் அது வேற ஆரோ ஒருத்தன்தான். பிழையெண்டா துடைச்சுப்போட்டுத் திரும்பச் செய்யுங்கோ, இப்ப துடைக்கிறது அஞ்சு நிமிசம்.

இது காய ஒரு நாள் ரெண்டு நாள் விடுங்கோ. ஒயில் பெயின்ற் தண்ணி ஆவியாப் போறமாதிரிக் காயிறதில்லை, அதிலுள்ள எண்ணை காத்தில இருக்கிற ஒட்சிசனைப் பிடிச்சு இறுகிறது. அம்பருக்குள்ள மங்கனீசு இருக்கிறதால அது கெதியாக் காயும், வெள்ளை கூடக் கலந்த தோல் நிறம் ஆறுதலாத்தான் காயும், ஒரு கிழமையும் எடுக்கும். அதாலதான் கீழ் கோட்டுக்கு ரேப்பன்ரைன் கூட, மேல் கோட்டுக்கு எண்ணை கூட எண்டு ஒரு சட்டம். மாறிச் செய்தா மேல இருக்கிறது முதல் காஞ்சு, கீழ இருக்கிறது இன்னும் அசைஞ்சு, கொஞ்சக் காலத்தில வெடிப்பு விழும்.

இனி நிறம், இதுதான் ஆறுதலாச் செய்ய வேண்டிய இடம். யூரியூப்பில தோல் நிறம் எண்டு தேடினா வாறதெல்லாம் வெள்ளைக்காரத் தோல், ரோஸும் வெள்ளையும் கலந்து காட்டுவினம், அது இஞ்ச உதவாது. வெய்யிலுக்க வயல்ல நிக்கிற ஒருத்தன்ர முகத்துக்கு நான் நடு நிறத்தை பேர்ன்ற் சியன்னா, யெலோ ஓக்கர், கொஞ்சம் அல்ட்ராமரின் கலந்து தொடங்குவன், வெள்ளை, பெயின்ற் கலக்கிற கத்தியின்ர நுனியில தொட்டளவு மட்டும். வெளிச்சமாக்க வேணுமெண்டா முதல்ல ஓக்கரைக் கூட்டுங்கோ, பிறகுதான் வெள்ளை. எடுத்தவுடன வெள்ளையைப் போட்டா தோல் சாம்பல் நிறமாப் போகும். நிழலுக்கு பேர்ன்ற் அம்பர், அல்ட்ராமரின், துளி அலிசரின், வெள்ளை ஒரு சொட்டும் வேண்டாம். கறுத்த தோல்ல நெத்தியிலயும் மூக்கு நுனியிலயும் மினுங்கிற இடம் இருக்கெல்லே, அது மஞ்சளோ வெள்ளையோ இல்லை, வானத்தின்ர வெளிச்சம் அதில பட்டு நீலச் சாம்பலாத் தெரியும். வெள்ளைக்குள்ள துளி நீலமும் கொஞ்சம் நடு நிறமும் கலந்து ரெண்டே ரெண்டு தொடு தொட்டு விடுங்கோ, முகம் அப்பிடியே எழும்பி முன்னால வரும். கறுத்த தோல்ல இந்த மினுக்கத்துக்கும் பக்கத்து நிறத்துக்கும் வித்தியாசம் கூட, அதாலதான் கீற அவ்வளவு சந்தோசமா இருக்கும்.

இப்ப ஆளைக் கூப்பிடுங்கோ. அதே விறாந்தையில, படம் எடுத்த அதே நேரத்துக்கு, தேத்தண்ணி ஒண்டைக் குடுத்து இருத்துங்கோ. கத்தியில கலந்த பெயின்றை அவன்ர சொக்குக்குக் கிட்டப் பிடிச்சுப் பாருங்கோ, பட்டாலும் சிநேகிதன்தானே. போட்டோவில காணாததெல்லாம் தெரியும். தொப்பி போடுற கோட்டுக்கு மேல நெத்தி ஒரு நிறம் கீழ ஒரு நிறம், தொப்பிக்குள்ள மறைஞ்ச இடம் மஞ்சள் கலந்து வெளிறிப்போயும் கீழ சிவப்புக் கலந்த கறுப்பாயும் நிக்கும். காது, மூக்கு, சொக்கு இந்த நடுப்பகுதி ரத்தம் கூட ஓடுறதால எப்பவும் கொஞ்சம் சிவப்பு. தாடி வழிச்ச நாடிப்பக்கம் பச்சை கலந்த சாம்பல். நாடிக்குக் கீழயும் மூக்குக்கு அடியிலயும், நிழல்தான், ஆனா முத்தத்துச் சிவப்பு மண்ணில பட்டு வெய்யில் மேல எத்திறதால அந்த நிழல் செம்மஞ்சளா ஒளிரும். போன் கமரா அதை வெறும் மண்ணிறமாக்கிப் போட்டிருக்கும். அந்தச் செம்மஞ்சளை வைச்சியளெண்டா அவன் எந்த ஊர்க்காரன் எண்டதும் படத்துக்குள்ள வந்திடும்.

ஒரு விசயம், அவன் கட்டாயம் சொல்லுவான், மச்சான் கொஞ்சம் வெள்ளையாக் கீறு எண்டு. செய்யாதேங்கோ. ஸ்டூடியோக்காரர் செய்யிறது காணும்.

கண்ணுக்கு வந்தா, கண்ணின்ர வெள்ளை வெள்ளையில்லை. மேல் இமையின்ர நிழல் அதில விழும், அதால சாம்பலும் ஓக்கரும் கலந்த ஒரு மங்கல் நிறம், தூசிக்கும் வெய்யிலுக்கும் நிக்கிற ஆக்களுக்கு மூலையில கொஞ்சம் சிவப்பும் இருக்கும். சுத்தமான வெள்ளை போட்டா வெருண்டு போய்ப் பாக்கிறமாதிரி வரும். கருமணியில விழுற வெளிச்சப்பொட்டு ஒண்டுதான் பளிச்செண்டு இருக்கலாம், அதையும் கடைசியா வையுங்கோ. சொண்டுக்கு வெளிக்கோடு போடாதேங்கோ, மேல்சொண்டு இருட்டு, கீழ்ச்சொண்டு வெளிச்சம், நடுவில சேருற கோடு மட்டும்தான் உண்மையான கோடு. தலைமயிரை ஒரு மொத்த உருவமா அடிச்சுப்போட்டு விளிம்பில மட்டும் நாலு மயிரை இழுத்து விட்டாக் காணும்.

அடுத்தது விளிம்புகள். போட்டோவில எல்லா விளிம்பும் ஒரே கூரா நிக்கும், கண் அப்பிடிப் பாக்கிறதில்லை. அவன்ர கண்ணைப் பாக்கேக்க காதின்ர விளிம்பும் தோள்மூட்டும் எங்களுக்கு மங்கல்தான். அதால ஈரமா இருக்கேக்கயே காய்ஞ்ச பிரஷ் ஒண்டால நிழல் பக்கத்து விளிம்பைப் பின்னணியோட சேத்து மெதுவா இழுத்து விடுங்கோ, கண்ணும் மூக்கும் மட்டும் கூரா நிக்கட்டும். இதைப் போன்ல படம் பாத்துப் பழகேலாது, நேர பாக்கோணும். கொழும்புக்குப் போற அலுவல் இருந்தா பார்ன்ஸ் பிளேசில சபுமல் பவுண்டேசன் எண்டு ஹரி பீரிஸ் (1904–1988) இருந்த வீடு இருக்கு, 1943ல தொடங்கின 43 குழு எண்ட ஓவியர் கூட்டத்தின்ர படங்கள் அங்க கிடக்கு, ஹரி பீரிஸ் முகம் கீறுறதில பேர் எடுத்தவர். படத்துக்கு ஒரு முழம் கிட்டப் போய்ப் பாருங்கோ, எங்க பெயின்ற் மொத்தம் எங்க மெல்லிசு எண்டு விளங்கும்.

பின்னணிக்கு போட்டோவில கிடக்கிற கொடியில காயிற சாரத்தையும் தண்ணிப் பரலையும் கீறிக்கொண்டு இருக்காதேங்கோ. ஒரு பச்சைச் சாம்பல் காணும், வெளிச்சப் பக்கத்துச் சொக்குக்குப் பின்னால கொஞ்சம் இருட்டாவும் நிழல் பக்கத்துக்குப் பின்னால கொஞ்சம் வெளிச்சமாவும்.

இனி, போட்டோ மட்டும்தான் இருக்கு ஆள் இல்லை எண்டு வாற வேலையும் இஞ்ச கனக்க. 2009ல சண்டைக்குள்ள அல்பமெல்லாம் போன வீடுகள் எத்தினை, மிஞ்சினது ஐடென்டிகாட்டில இருக்கிற நகமளவு படம் ஒண்டுதான் எண்டு கொண்டு வருவினம். அதில நிழலே இராது, முன்வெளிச்சம், தட்டை. அதைப் பெருப்பிக்கப் பெருப்பிக்கப் புள்ளிதான் வரும். அப்ப செய்யக்கூடியது, அந்தக் குடும்பத்தில அதே எலும்பு அமைப்பு உள்ள ஒருத்தர், மகனோ தம்பியோ, அவரை வெளிச்சத்தில இருத்தி நிழல் எப்பிடி விழுதெண்டு பாத்து, அந்த நிழலை எடுத்து இந்த முகத்தில வைக்கிறது. அளவு பழைய படத்தில இருந்து, வெளிச்சம் உயிரோட இருக்கிறவரிட்ட இருந்து. கீறுற இடையில வீட்டுக்காரருக்குக் காட்டுங்கோ, சொண்டு இப்பிடியில்லை எண்டு அவை சொல்லுறது எப்பவும் சரியாத்தான் இருக்கும்.

காய வைக்கிறதில எங்கட ஊருக்கெண்டு சில கரைச்சல் இருக்கு. சோளகக் காத்து அடிக்கிற மாசங்கள்ல கிரவல் ரோட்டுத் தூசி முழுக்க ஈரப் பெயின்றில வந்து ஒட்டும், அதால போட்டைச் சுவரில முகம் உள்ளுக்க பாக்கிறமாதிரிச் சாய்ச்சு வையுங்கோ. மாரிக்கு காயிறது பிந்தும், முதல் மழையோட ஈசல் வேற, லைற்றைப் போட்டுக் கீறினா சொக்கு முழுக்கச் செட்டை ஒட்டிக்கிடக்கும். பதறிப்போய் நோண்டாதேங்கோ, பெயின்ற் காஞ்சாப் பிறகு நகத்தால தட்டினா வந்திடும். மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில நிறம் கலக்கவும் வேண்டாம், விடியப் பாக்கேக்க ஆள் நீலமா நிப்பான்.

லின்சீட் ஒயில் ஊறின சீலைத்துண்டுகளைச் சுருட்டி மூலையில எறியாதேங்கோ, அது தன்ர சூட்டிலயே பத்தும், உண்மையாப் பத்தும், இஞ்சத்தை வெக்கைக்குக் கேக்கவே தேவையில்லை. தண்ணி விட்ட தகரப்பேணிக்குள்ள போடுங்கோ, இல்லாட்டி முத்தத்தில விரிச்சுக் காயவிடுங்கோ. ரேப்பன்ரைன் வைச்சு வேலை செய்யேக்க யன்னலைத் திறந்து வையுங்கோ. நாங்கள் கையால சாப்பிடுற ஆக்கள், நகக்கண் வரைக்கும் சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டுச் சோத்தில கை வையுங்கோ.

வார்னிஷ் அடிக்கிறதுக்கு ஆறு மாசமாவது பொறுக்கோணும், பெயின்ற் மொத்தமெண்டா ஒரு வருசம். அதுக்கிடையில பிறந்தநாளுக்குக் குடுக்க வேணுமெண்டா தொட்டா ஒட்டாத பதம் வந்தவுடன வார்னிஷ் இல்லாமலே குடுத்திட்டு, பிறகு ஒருநாள் போய் அடிச்சு விடுங்கோ. கண்ணாடி போட்டு பிரேம் அடிக்கத் தேவையில்லை. சாமிப்படத்துக்குப் பக்கத்தில மாட்டினா விளக்குப்புகை பிடிக்கும், அங்க வேண்டாம். பின்பக்கம் கீழ் மூலை ரெண்டிலயும் றப்பர்த் துண்டு ஒவ்வொண்டு ஒட்டி, சுவரில முட்டாமக் காத்துப் போறமாதிரி மாட்டச் சொல்லுங்கோ, மாரிக்குச் சுவர் ஈரம் இழுத்தா ஹாட்போட் ஊதிப்போகும்.